கண் திறக்காத படம்

திண்டுக்கல்லுக்கு நான் மாற்றலாகி வந்தது ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம். மலைக்கோட்டைக்கு மேற்கே ஒரு தெருவில் ஒரு வீட்டின் முன்பாதி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. பின்பாதியில் வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். எதையும் மாதம், கிழமை சொல்லி நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். அங்கே குடியிருந்த ஏழெட்டு வருடத்தில் எந்த ஐப்பசியில் மழை பொய்த்தது, எந்தத் தையில் யார் ஊரிலிருந்து வந்து தங்கினார்கள் என்பதை எல்லாம் இன்றும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். அந்த அம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் வரிசை குலைந்துவிடுகிறது.

அவர் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவர். தெருவுக்கே அவர் டீச்சர்தான். என் மனைவி மட்டும் அக்கா என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய், தெரு விழிப்பதற்குள் வீடு திரும்பிவிடுவார். மற்றபடி வெளியே வருவது காய்கறிக்காரியின் குரல் கேட்டால்தான். வேலையை ஏன் விட்டார் என்பதற்குத் தெருவில் ஒரு கதை இருந்தது. மேலதிகாரி வந்திருந்த ஒரு நாள், கரும்பலகையில் பூசணிக்காய் வரைந்து நிழல் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். டீச்சர் நிழல் எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பூசணிக்காயின் பக்கவாட்டில் ஒரு கதவு வைத்தார். கதவுக்கு உள்ளே படிக்கட்டு. படிக்கட்டில் தலைமையாசிரியையின் செருப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஒரு பிள்ளை பயந்து அழுதது என்று வேறு சிலர் சொன்னார்கள். நான் டீச்சரிடமே கேட்டேன். "செருப்பு இல்ல தம்பி, குடை" என்றார். அதோடு சரி.

அவர் படங்களை நாங்கள் முதலில் பார்த்தது வந்த வருடத்து மழையில். பின்பாதி ஓடு ஒழுகியது. சாமான்களை எடுத்து வைக்க எங்களைக் கூப்பிட்டார். சாமான் என்று அதிகம் எதுவும் இல்லை. சுவரோரம் சுவரோரமாகத் துணிப்படங்கள்தான். ஒன்றில், தினமும் நாங்கள் வாசலில் நின்று பார்க்கிற அதே மலைக்கோட்டைப் பாறை, ஒரு மாட்டுக் கொட்டகையில் மூக்கணாங்கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. முன்னால் வைக்கோல். பாதி தின்றிருந்தது. இன்னொன்றில் கல்யாணப் பந்தி. வாழை இலையில் எல்லாம் பரிமாறியிருக்கிறது. இலைக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு கதவு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கதவு எப்படிச் சம்மணமிடும் என்று கேட்கக் கூடாது. பார்த்தபோது சம்மணமிட்டுத்தான் இருந்தது. புகையிலைக் கிட்டங்கி ஒன்றில் இலைகளுக்குப் பதிலாக மனிதர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் யாருக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வர்ணமே படாத வெறும் துணி தெரிந்தது.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஏங்க்கா, கண்ணு வைக்கல?" என்று கேட்டாள்.

"கண்ணு வச்சா அது என்னையப் பாக்கும். அப்பறம் நான் எங்க போயி ஒளியிறது?"

விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. சிரித்தபடிதான் சொன்னார்.

வெளிநாட்டு ஓவியங்களைப் பற்றிய கட்டுரைகளை நான் தேடிப் படிப்பவன். இது எந்த வகை என்று எனக்கு உடனே பிடிபட்டது. மறுநாள் மெனக்கெட்டுப் போய், இதற்கு சர்ரியலிசம் என்று பெயர், ஐரோப்பாவில் இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது, கனவையும் நனவையும் ஒன்றாக்குவது அவர்கள் கொள்கை என்றெல்லாம் விளக்கினேன். டீச்சர் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அவுங்க எல்லாரும் சேந்து ஒக்காந்து பேசிக்கிருவாங்களா?"

"ஆமாம். கூட்டம் போடுவார்கள், பத்திரிகை நடத்துவார்கள்."

"பரவால்லயே. அம்புட்டுப் பேருக்கும் ஒரே சீக்கா?" என்றார்.

சீக்கு என்ற சொல் அவருடையது இல்லை, அவர் அண்ணனுடையது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் திருச்சியில் ரயில்வே உத்தியோகம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடையும் கையுமாக வருவார். நல்ல மனிதர்தான். தங்கைக்கு அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் கொண்டுவருவார். வந்ததும் பின்பாதிக்குப் போய்ப் புதுப் படம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என் முன்னறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். "நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க சார். தேறுன மனசு இப்பிடி வரையுமா?" என்பார். நான் ஐரோப்பாவைப் பற்றிச் சொல்வேன். "அவங்களையும் வீட்டுல வச்சுச் சரியா பாத்திருக்க மாட்டாங்க" என்பார்.

எழுதப்போகும் சம்பவம் நடந்த வருடம், மாசியில் வந்தவர் முடிவோடு வந்தார். பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கையைத் திருச்சிக்கு அழைத்துப்போய் வைத்தியரிடம் காட்டப்போவதாகச் சொன்னார். தூரிகை, வர்ணம் எதுவும் கூட வரக் கூடாது. டீச்சர் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"படம் தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்து, இது படந்தான்னு சொன்னா விட்ருவியாண்ணே?"

அண்ணன் யோசித்தார். "தெரிஞ்சவங்க சொல்லட்டும். ஒரு ஆளு ரெண்டு ஆளு சொன்னாப் பத்தாது. அப்பறம் நான் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றார்.

ஆக, டீச்சர் அந்த வீட்டில் தூரிகையோடு இருப்பதா, அதை விட்டுவிட்டுத் திருச்சி போவதா என்பது பாஸ்காவுக்குள் தெரிய வேண்டும். பாஸ்காவுக்கு முன்பே சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சி நடக்கவிருப்பதைப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். அவருக்காக எழுதிப் போட்டேன், அண்ணனுக்கும் ஒரு கடிதத்தில் தெரிவித்தேன். சட்டம் போட்ட படம் ஒன்றை, குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமைக்குள் அனுப்பலாம் என்று பதில் வந்தது. எதை அனுப்புவது என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. அப்போதுதான் முடித்திருந்த பெரிய படம்.

அதன் துணியைச் சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுக்காரர் வீட்டிலிருந்து வாங்கிவந்தவன் நானே. கரையில் ஒரு நீலக்கோடு ஓடும் காடாத் துணி. டீச்சர் அதில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்பும் கலந்து பூசி, காயவைத்து, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கினார். படத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பெண் நிற்கிறாள். சிவப்புச் சேலை. தலைமுடி முழுவதும் வேப்பிலை. தோளுக்குக் கீழே, சேலைக்குள் உடம்பு கிடையாது, கல் கட்டிய வட்டக் கிணறு. அடியில் தண்ணீர், தண்ணீரில் நம் மலைக்கோட்டைப் பாறை தலைகீழாக மிதக்கிறது. அவள் தோள்மீது ஒரு ஜோடி மாடு கமலை இறைத்துக்கொண்டிருக்கிறது. வழக்கம்போலக் கண் இல்லை. எனக்கு மாடுதான் உறுத்தியது. தோளில் மாடு ஏன் என்று பல நாள் கேட்டேன். "அது அங்கதான் நின்னுச்சு" என்பார். சரி, எப்போது வரைய ஆரம்பித்தீர்கள், தேதியாவது போடுங்கள் என்றேன். "தேதி கல்லறைக்குப் போடுறது தம்பி" என்றார்.

சட்டம் போட்டு, மரப்பெட்டியில் அடைத்துத் தருவதற்காகப் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியிலிருந்த தச்சுப் பட்டறையில் கொடுத்தோம். கொடுத்தது திங்கட்கிழமை. புதன்கிழமை மாலை நானும் டீச்சரும் வாங்கப் போனோம். பட்டறைக்காரர் எங்களைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். பக்கத்தில் போர்டு எழுதுகிற பெயிண்டர் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அம்மா, நீங்க செத்த ஒக்காருங்க."

நடந்தது இது. சாணார்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் திருவிழா. பந்தலில் வைக்க அம்மன் படம் ஒன்றை இந்தப் பெயிண்டரிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கும் சட்டம் போடும் இடம் இதே பட்டறை. கண் மட்டும் வரைய வேண்டாம், கண் திறப்பு ஊரில் வைத்துத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலையானாலும் படமானாலும் கடைசியாகக் கண் திறந்தால்தான் அது சாமி. பெயிண்டர் மறதியாகக் கண்ணையும் வரைந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவந்த அந்த ஊர் வண்டிக்காரர், திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தி, வெளியே போயிருந்த பட்டறைக்காரருக்காகக் காத்திருக்காமல், இரண்டு அம்மன்களில் கண் இல்லாத அம்மனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"ஒன்னைய எவன்டா கண்ணு வரையச் சொன்னது?" என்று எங்கள் முன்னால் மறுபடி ஒருமுறை திட்டினார் பட்டறைக்காரர்.

"பழக்கதோசம்ணே. மூக்க முடிச்சா கை தானா மேல போயிருது" என்றார் பெயிண்டர்.

சட்டத்துக்குள் அவருடைய அம்மன் பெரிய கண்களால் எங்கள் நால்வரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "கண்ணு நல்லா வந்திருக்கு" என்றார். பெயிண்டருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, டீச்சரையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் காய்ந்த காடு. அந்த வருடம் கார்த்திகைக்குப் பிறகு துளி விழவில்லை. இறங்கி நடக்கும்போது ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டது. டீச்சர் முக்காட்டை இழுத்துக்கொண்டார். "பாஸ்காவுக்கு முன்னாடி, தபசு காலத்துல மாரியாத்தா திருவிழாவுக்குப் போறேன். எங்கண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சா இன்னைக்கே திருச்சிதான்" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். டீச்சரும் சிரித்தார். அவரை வெளியூரில் வைத்துப் பார்ப்பது எங்களுக்கு அதுவே முதல் தடவை.

பந்தலில் படம் இருந்தது. எலுமிச்சை மாலை, மஞ்சள், கற்பூரப் புகை எல்லாவற்றுக்கும் நடுவில். சாமி சிலை செய்கிற ஊர் வேளார் படத்துக்குக் கண் திறந்திருந்தார். மைக்கறுப்பில் இரண்டு நீளக் கண்கள், காதுவரை. கண் திறந்ததும் சாமியின் முதல் பார்வை விழுவதற்காகக் காட்டிய முகக்கண்ணாடி கீழே தட்டில் கிடந்தது. டீச்சர் நகராமல் நின்றார். நான் எங்கள் துணிதானா என்று பார்த்தேன். சட்டத்தின் ஓரத்தில் நீலக்கோடு தெரிந்தது. எங்கள் துணிதான். ஆனால் பழைய படத்தை அதில் என்னால் பார்க்க முடியவில்லை. மாதக்கணக்கில் பழகிய முகம். அது இப்போது என்னைத் தெரியாததுபோலப் பார்த்தது.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண், யார் என்று அறியாமல் டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"பாத்தீகளா, ஆத்தா வயித்துக்குள்ள கெணறு. நம்ம கெணத்துத் தண்ணி பூராத்தையும் அவ வச்சிருக்கா. அப்பறம் ஊருக்குள்ள எப்பிடி இருக்கும்?"

"தோளுல மாடு நிக்கிதே, அது எதுக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"எறைக்க வேணாமா? அவளா குடுப்பாளா? நாமதான எறைச்சுக்கிடணும். டேய், பூவப் பிடிச்சு இழுக்காத." பிள்ளையின் கையை விலக்கிக்கொண்டே சொன்னாள்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது சரியான விளக்கம் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் டீச்சரிடம் பல நாள் கேட்டுக் கிடைக்காத பதிலை அந்தப் பெண் நின்ற நிற்பில் சொல்லிவிட்டாள்.

ஊர்ப் பெரியவர் வந்தார். வண்டிக்காரரையும் கூட்டிவரச் சொன்னார். வண்டிக்காரருக்குத் தான் செய்தது தவறு என்றே படவில்லை.

"கண்ணில்லாத ஆத்தாளத்தான கூட்டியாரச் சொன்னீக? கண்ணோட ஒருத்தி இருந்தா. அவ வேற ஊருக்குப் போறவன்னு விட்டுட்டு வந்தேன். கண்ணு தொறந்த சாமிய எடுத்தா அந்த ஊருக்காரன் சும்மா விடுவானா?"

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர் சொன்னதில் எனக்கும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊர்ப் பெரியவர் டீச்சரைப் பார்த்துப் பேசினார். "அம்மா, ஒங்க பொருள எடுத்து வச்சுக்கிட்டு நாங்க சாமி கும்பிட மாட்டோம். அது முறை இல்ல. இது எம் படம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே பூசையக் கழிச்சு எறக்கிக் குடுத்துர்றோம். டவுன்ல இருக்குற படத்தக் கொண்டாந்து வச்சுக்கிருவோம்."

சனிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருந்தது. அன்று எடுத்துவந்தால் வெள்ளிக்கிழமை பெட்டியில் அடைத்து ரயிலில் ஏற்றிவிடலாம். கண்ணை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்றுகூட நான் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். டீச்சர் படத்தின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது.

"இல்லங்க. இது எம் படம் இல்ல" என்றார்.

"டீச்சர்!" என்றேன். "கரையில் நீலக்கோடு இருக்கிறது. நான் வாங்கிவந்த துணி."

"துணி ஒங்க துணிதான் தம்பி. அவுங்கட்ட கேட்டு வேணா வாங்கிக்கிருங்க."

ஊர்ப் பெரியவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கும்பிட்டார். எங்கள் மூவருக்கும் பானகம் கொடுத்தார்கள். டீச்சர் இரண்டு தம்ளர் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? கும்பிடுகிற படமாகிவிட்டதே என்று மதத்துக்காகவா? இல்லை, வேறொருவர் கை பட்டுவிட்டது என்றா? ஊர்க்காரர்கள் மனம் நோகும் என்றா?

"அது பாத்திருச்சு தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க ஒருத்தர்கூட இது என்னன்னு கேக்கல, பாத்தீங்களா?" என்றார். எனக்கு இரண்டு பதிலுமே புரியவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு விளக்கமா என்பதும் தெரியவில்லை. வேறு படம் ஒன்றையாவது அனுப்பலாம் என்று வெள்ளிக்கிழமை காலைவரை கெஞ்சினேன். வேண்டாம் என்றுவிட்டார். சனிக்கிழமை வந்தது, போனது. பெயிண்டரின் அம்மன் பட்டறைச் சுவரிலேயே ஆணியில் தொங்கினாள்.

பாஸ்கா முடிந்த செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். இம்முறை அரிசி கொண்டுவரவில்லை. தங்கையின் துணிமணிக்காக ஒரு காலித் தகரப்பெட்டி கொண்டுவந்திருந்தார். என் முன்னறையில்தான் உட்கார்ந்தார். டீச்சர் நிலைப்படியில் நின்றார். என் மனைவி காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அண்ணன்.

"படந்தான்னு சொல்லிட்டாங்கண்ணே."

"யாரு? எத்தன பேரு?"

"நூறு பேராச்சும் இருக்கும். பொம்பளைகதான் நெறைய."

"மெட்ராஸுல இதப் பாக்கப் பொம்பளைகளும் வாராங்களா?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நெசந்தானா சார்?"

டீச்சர் சென்னை என்று சொல்லவில்லை. அண்ணன் கேட்டதும் படம் தெரிந்தவர்களைப் பற்றித்தான். அந்த ஊர் ஜனங்கள் படம் தெரிந்தவர்களா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? தெரிந்ததை மட்டும் சொன்னேன். "நானும் கூட இருந்தேன். நூறு பேருக்கு மேலேயே இருக்கும். ஒருவர்கூட இதைச் சீக்கு என்று சொல்லவில்லை. ஓர் அம்மாள் தோளில் நிற்கிற மாட்டுக்குக்கூட விளக்கம் சொன்னார்."

"மாட்டுக்குமா?"

"ஆமாம்."

அண்ணன் காப்பியைக் குடித்தார். "சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று எழுந்தார். தகரப்பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக மனமில்லையோ என்னவோ, "படத்த இதுல வச்சுக்க. ஓடு ஒழுகுதுல்ல" என்று தங்கையிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வந்தபோதெல்லாம் அரிசி, பருப்பு, கருவாடு மட்டும்தான். பின்பாதிக்குள் போய்ப் படம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அந்தப் படம் முடிந்த தேதியாக எதைக் கொள்வது என்று எனக்கு இன்றும் குழப்பம். டீச்சர் தூரிகையைக் கழுவி வைத்தது மாசிக் கடைசியில். வேளார் கண் திறந்தது பங்குனிச் செவ்வாயில். இரண்டாவதைச் சொன்னால் படத்தை முடித்தவர் டீச்சர் இல்லை. முதலாவதைச் சொன்னால், இது என் படம் இல்லை என்று அவர் சொன்னது பொய். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அண்ணன் போன அன்று மாலை டீச்சர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, என் மனைவியிடம் கண்மை டப்பா கேட்டு வாங்கிப்போனார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. டப்பா திரும்பி வரவே இல்லை. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அவர் வரைந்த படங்களை எல்லாம் பார்த்தேன். ஒன்றிலும் கண் இல்லை.